கோப்பை மாற்றுதலும் சான்றை மாற்றுதலும்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் விடுதி அறைகளிலும் வாடகை வீடுகளிலும் ஒரே மாதிரியான இரவுகள் கழிகின்றன. மடிக்கணினியின் விசிறி இரைகிறது. திரையில் நீண்டுவந்த பட்டை 97 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது. கீழே சிவப்பு நிறத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. களப்பணியில் எடுத்த நேர்காணலையோ கூத்தையோ சடங்கையோ ‘எல்லாரும் பார்க்கக்கூடிய’ வடிவத்துக்கு மாற்ற முயன்ற ஆய்வாளர் அந்த வரியைப் படிப்பதில்லை. பெட்டியை மூடிவிட்டு வேறோர் இலவச மென்பொருளை இறக்குகிறார். அதுவும் நின்றால் மூன்றாவது. மூன்றாவது மென்பொருள் முனகாமல் வேலையை முடித்துப் பச்சைக் குறி காட்டுகிறது. வன்வட்டில் இடமில்லை, ஆகவே மூலக்கோப்பு அழிக்கப்படுகிறது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கச் செல்பவர், தம் ஆய்வின் முதன்மைச் சான்றைத் தாமே அழித்துவிட்டதை அறிவதில்லை.

இது மிகைக்கூற்று என்று கருதுவோர் சுவடிப் பதிப்பின் மரபை நினைத்துப் பார்க்கலாம். ஓலையிலிருந்து ஒரு நூலைப் பெயர்த்தெழுதியவர், எழுதி முடித்த கையோடு ஓலையை அடுப்பில் இடுவதில்லை. ஏடெழுதியவர் எந்த எழுத்தில் மயங்கினார், எவ்வரியை விட்டார், எதைத் தாமே சேர்த்தார் என்ற கேள்விகளிலிருந்துதான் பாடபேத ஆராய்ச்சியே பிறக்கிறது. புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மகாபாரதச் செம்பதிப்புக்காக 1919 முதல் 1966 வரை உழைத்தது, படிகளுக்கு இடையிலான வேறுபாடுகளைப் பொருட்படுத்தியதால்தான். அத்தகைய மரபில் பயின்ற மானுடவியல், மொழியியல், நாட்டார் வழக்காற்றியல், நிகழ்த்துகலைத் துறைகள், காணொளி என்று வந்துவிட்டால் மட்டும் படியெடுப்பதை எழுத்தர் வேலையாகக் கருதுகின்றன. அந்த வேலையை மாணவர் வீட்டில், தம் சொந்தக் கணினியில், யாரும் கற்றுத்தராமல் செய்துகொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பிழைச்செய்தி காட்டி நின்றுபோகும் மாற்றத்தால் கேடு ஒன்றுமில்லை. ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டுக் காலத்தையும் ஒலியையும் அசைவையும் ஓசையின்றித் திருத்திவிடும் மாற்றமே ஆய்வைக் கெடுக்கிறது. முதலாவது எரிச்சலூட்டுகிறது என்பதற்காக இரண்டாவதை நாடிப் போவதுதான் இன்றைய வழக்கம்.

அடிப்படையான குழப்பம் ஒன்றுதான். எம்பி4, ஏவிஐ, எம்ஓவி, எம்கேவி என்பன காணொளியின் மொழி அல்ல, அவை உறைகள். உறைக்குள் இருக்கும் படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கி எழுதப்பட்டுள்ளன என்பது வேறு செய்தி. அதைச் சொல்வது கோடெக். பழைய கடிதத்தைப் புதிய உறையில் இடுவது ஒன்று, கடிதத்தையே வேறொருவர் கையெழுத்தில் திரும்ப எழுதுவது மற்றொன்று. வீட்டுக் கணினியில் ‘கன்வெர்ட்’ என்ற ஒரே பொத்தான் இவ்விரண்டையும் செய்வதால், முன்னது போதுமான இடத்திலெல்லாம் பின்னது நடந்துவிடுகிறது. துறையின் கேமரா எம்ஓவி உறையில் சுருக்கப்படாத ஒலியோடு பதிவு செய்திருக்கும். அதை எம்பி4 ஆக்க முயன்றால், இந்த ஒலிக்கு இந்த உறையில் இடமில்லை என்று பழைய பதிப்பு மென்பொருள்கள் மறுத்துவிடும். பதிவில் ஒரு குறையும் இல்லை. எம்ஓவியிலேயே விட்டுவிடலாம், அல்லது எம்கேவி உறைக்கு மாற்றலாம். எஃப்எஃப்எம்பெக் நிரலில் ‘காப்பி’ என்ற ஒரு கட்டளைச் சொல் இதைச் செய்யும். ஒரு மணி நேரப் பதிவும் சில நிமிடங்களில் உறை மாறும், படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. ஆனால் ஆய்வாளர் செய்வது என்ன? அந்த மறுப்பைக் கோளாறு என்று எண்ணி, எல்லாவற்றையும் புதிதாக எழுதித் தரும் மென்பொருளிடம் போய்ச் சேர்கிறார்.

புதிய கைபேசிகளின் பதிவுகள் பழைய கணினியில் ‘ஒலி மட்டும் வருகிறது, படம் கறுப்பு’ என்று முறையிடப்படுவதும் இத்தகையதே. 2013இல் தரப்படுத்தப்பட்ட எச்இவிசி என்ற சுருக்கமுறை, 2017 முதல் ஐபோன்களில் வழக்கமான பதிவுமுறைகளில் ஒன்றாயிற்று. அதைப் படிக்கும் திறன் கணினியில் இல்லை என்பதே இங்குள்ள சிக்கல். விஎல்சி போன்ற இயக்கி ஒன்றை நிறுவினால் தீர்ந்துவிடும், மாற்றவே தேவையில்லை. கண்ணாடி அணியாதவருக்காக நூலைப் பெரிய எழுத்தில் மறுபடி அச்சிடுவது போன்ற வேலை பல அறைகளில் நடந்துகொண்டிருக்கிறது.

பழைய பதிவுகளிடம் வரும்போது இழப்பு கூடுகிறது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஊர்த் திருவிழாக்களையும் கூத்து, நாடக நிகழ்ச்சிகளையும் உள்ளூர் ஸ்டுடியோக்கள் வீடியோ சிடியாக விற்றன. நாட்டின் எல்லா மூலைகளிலும் ஆய்வாளர்களின் பெட்டிகளில் இவை கிடக்கின்றன. வட்டின் ‘எம்பெக்ஏவி’ அடைவில் டாட் என்று முடியும் கோப்புகளில் உள்ள படம் 352க்கு 288 புள்ளிகள் மட்டுமே. அதைக் கணினிக்கு நகலெடுக்கையில் சுழற்சிப் பிழை என்று செய்தி வந்து நின்றுபோவது கோப்பின் வடிவம் தொடர்பானதன்று, வட்டின் கீறல் தொடர்பானது. தரவு வட்டுகளுக்கு உள்ள கூடுதல் பிழைதிருத்த அடுக்கு வீடியோ சிடியின் படப்பகுதிக்குக் கிடையாது. ஆகவே சிறு கீறலும் பாதிக்கும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, வேறு வேறு வட்டியக்கிகளில் முயல்வதே முதல் மருத்துவம். ஓர் இயக்கி படிக்க மறுத்ததை இன்னொன்று படித்துவிடுவது அடிக்கடி நிகழும். கடையில் கொடுத்தால் 1920க்கு 1080 அளவில் இழுத்துப் பெருக்கி, கூர்மையாக்கி, பென்டிரைவில் தருகிறார்கள். முகமூடியின் வண்ணக்கோடுகளைப் பற்றி எழுதும் மாணவர் பிறகு அந்தக் ‘கூர்மை’யை விவரித்துக்கொண்டிருக்கிறார்.

மினிடிவி நாடாக்களின் கதை இன்னும் நுட்பமானது. இந்தியா பின்பற்றிய பால் முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படங்களின் பின்னல். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகள் அதற்கு ஐம்பதில் ஒரு நொடி வேறுபட்ட கணத்திலும் பதிவானவை. ஆகவே அந்த நாடாவில் ஒரு நொடிக்கு ஐம்பது கணங்கள் இருக்கின்றன. கணினித் திரையில் அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போல் கோடுகள் தெரிவது இதனால்தான். இதைப் பழுது என்று கருதிப் பெரும்பாலான மாற்றுக்கருவிகள் இரண்டு அரைப்படங்களைக் கலந்துவிடுகின்றன, அல்லது ஒன்றைத் தூக்கி எறிகின்றன. கோடுகள் மறைகின்றன, பாதிக் கணங்களும் மறைகின்றன. நேர்காணல் என்றால் பெரிய நட்டமில்லை. கதகளி நடிகரின் கண்ணசைவை, பரதநாட்டியத்தின் அடவிலிருந்து அடவுக்கு மாறும் கையை, சைகைமொழி பேசுபவரின் விரல்களை ஆராய்பவருக்கு அது ஆய்வுப்பொருளில் பாதி. பார்வைப் படி ஒன்று வேண்டுமென்றால் ஒவ்வோர் அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக விரித்து நொடிக்கு 50 என்று மாற்ற வேண்டும். அந்தத் தெரிவு நல்ல மென்பொருள்கள் எல்லாவற்றிலும் உண்டு. மினிடிவியில் கீழ் அரைப்படம் முதலில் வரும் என்பதையும் குறித்துக்கொடுக்க வேண்டும். அது தலைகீழானால் நடப்பவர் ஓர் அடி முன்னும் அரை அடி பின்னுமாகத் துள்ளுவார். முகங்கள் ஒடுங்கியோ அகன்றோ தெரிந்தால், 720க்கு 576 என்ற அந்தப் படத்தின் புள்ளிகள் சதுரமல்ல என்பதை மாற்றுக்கருவி மறந்துவிட்டது என்று பொருள்.

கைபேசிப் பதிவே இன்று பெரும்பான்மை. அங்கேதான் மிகப் பெரிய ஓசையற்ற பிழை குடியிருக்கிறது. கைபேசி ஒரு நொடிக்கு 30 படங்கள் என்று சொல்லிக்கொண்டாலும் எப்போதும் அப்படி எடுப்பதில்லை. குடிசைக்குள்ளோ மாலை மங்கலிலோ வெளிச்சம் குறையும்போது எண்ணிக்கையைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் உரிய நேரத்தைத் தனியே குறித்து வைக்கும். மாற்றுக்கருவி அந்தக் குறிப்பை மதிக்காமல் எல்லாப் படங்களையும் சம இடைவெளியில் அடுக்கினால், படம் ஒரு காலத்திலும் ஒலி வேறொரு காலத்திலும் ஓடத் தொடங்குகிறது. தொடக்கத்தில் தெரியாது. நாற்பதாவது நிமிடத்தில் வாய் ஒன்று பேச ஒலி வேறொன்று சொல்லும். எத்தனை சிறிய பிசகு எத்தனை பெரிதாகும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நொடிக்கு 29.97 படங்கள் கொண்ட பதிவை 30 என்று எடுத்துக்கொண்டால் தவறு ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு மணி நேரத்தில் அது 3.6 நொடியாகிறது.

உரையாடல் பகுப்பாய்வில் இரு பேச்சுகளுக்கு இடையிலான 0.2 நொடி மௌனத்துக்கும் பொருள் உண்டு. வன்முறையில் தப்பிய ஒருவரின் வாக்குமூலத்தில், கேள்விக்குப் பிறகு அவர் கண்ணை விலக்கியது பேசுவதற்கு முன்னா பின்னா என்பதன்மேல் ஓர் இயல் முழுதும் நிற்கக்கூடும். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் போன்ற கருவிகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பு ஏற்றுபவர்கள், அந்தக் குறிப்புகள் எல்லாம் நேரக்குறியில் கட்டப்பட்டவை என்பதை அறிவார்கள். குறிப்பு ஏற்றியது ஒரு படியில், பின்னர் மாற்றிச் சேமித்தது வேறொரு படி என்றாகிவிட்டால், அத்தனை உழைப்பும் இடம்பெயர்ந்துவிடுகிறது. தீர்வு கடினமன்று. குறிப்பேற்றும் வேலை தொடங்குவதற்கு முன்பே, ஒரே ஒரு முறை, மாறாத பட எண்ணிக்கை கொண்ட படி ஒன்றை எடுக்க வேண்டும்; ஹேண்ட்பிரேக்கில் அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் உதட்டையும் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் அந்தப் படியின் பெயரும் மாறக்கூடாது, அது மறுபடி மாற்றப்படவும் கூடாது.

ஒலியில் நடக்கும் ஏமாற்று வேறு வகை. பழைய கைபேசிகளின் 3ஜிபி கோப்புகளில் ஒலி நொடிக்கு 8,000 மாதிரிகளாகவே இருக்கும். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் அதில் இருக்க முடியாது. ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கு மேலேதான். அந்தக் கோப்பை நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்ட வேவ் கோப்பாக மாற்றினால் பிராத் அதை மகிழ்ச்சியாகத் திறக்கும், அளவீடும் தரும். ஒரு பழங்குடி மொழியில் இவ்விரு ஒலிகளும் ஒன்றிவருகின்றன என்ற முடிவு, பேசுபவரின் நாவைப் பற்றியதா கைபேசியைப் பற்றியதா என்று கேட்க, மாற்றப்பட்ட கோப்பில் ஒரு தடயமும் எஞ்சியிராது. மூலத்தின் பண்புகளை மீடியாஇன்ஃபோ போன்ற சிறு கருவியால் பார்த்து எழுதிவைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாறாக, அச்சமூட்டும் பிழைச்செய்திகள் பலவும் உள்ளபடி நல்ல செய்திகள். ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்பதைக் கண்டு நேர்காணல் போய்விட்டது என்று அழுதவர்கள் உண்டு. எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலான கேமராக்கள் பதிவின் முடிவில்தான் எழுதுகின்றன. பாதியில் மின்கலம் தீர்ந்தாலோ, மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ அட்டவணை எழுதப்படாமல் நிற்கும். படங்கள் அநேகமாக உள்ளே இருக்கின்றன; பொருளடக்கம்தான் இல்லை. முதலில் கோப்பு முழுதாக நகலாகி வந்ததா என்று அளவை ஒப்பிட வேண்டும். வந்திருந்தால், அதன் படி ஒன்றை வைத்துக்கொண்டு, அதே கைபேசியில் அதே அமைப்பில் எடுத்த பழுதற்ற கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டி, ‘அன்டிரங்க்’ என்ற திறமூல நிரலால் அட்டவணையைத் திரும்பக் கட்ட முயலலாம். அட்டையை ஃபார்மேட் செய்வதும் அதே அட்டையில் தொடர்ந்து பதிவதும்தான் உண்மையான அழிவு. மின்வெட்டு வழக்கமான ஊர்களில் மாற்றத்தின் விளைவை முதலில் எம்கேவியாக எழுதச் செய்வது நல்லது. இடையில் நின்றாலும் எழுதிய வரை பெரும்பாலும் ஓடும்.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். பென்டிரைவில் இருபது ஜிபி இடமிருந்தும் மாற்றம் ஒவ்வொரு முறையும் 4 ஜிபியில் நின்றால், அது ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டது என்று பொருள். கோப்பே இல்லை என்று மென்பொருள் சாதித்தால், அடைவின் பெயர் வங்காளத்திலோ தேவநாகரியிலோ தமிழிலோ இருக்கிறதா, பாதையின் நீளம் 260 எழுத்துகளைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். உயரம் இரண்டால் வகுபடவில்லை என்ற புகாருக்கு, ஓரத்தை வெட்டும்போது ஒற்றைப்படை எண் வந்ததே காரணம். துறைக் கேமராவின் எம்டிஎஸ் துண்டுகளை இணைத்தால் இணைப்பில் பேச்சு அறுபடுகிறது என்பார்கள். தனித்தனியே மாற்றிவிட்டு இணைத்தால் அறுபடத்தான் செய்யும். அவை ஒரே ஓட்டத்தின் துண்டுகள், மாற்றுவதற்கு முன்பே சேர்க்கப்பட வேண்டியவை.

வசனவரிகளைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது ஆங்கில வழிகாட்டிகள் கண்டுகொள்ளாத இந்தியத் துன்பம். நேர்காணலின் பெயர்ப்பைப் படத்தின்மேல் பதித்து மாற்றும்போது, எழுத்துக்கோவையைச் சரிவர வடிவமைக்காத மென்பொருள் தமிழின் கொம்பை மெய்யெழுத்துக்கு முன்னே வைக்காமல் பின்னே வைக்கிறது. இந்தியில் இகரக் குறியும் அவ்வாறே இடம் மாறுகிறது. கிருதிதேவ், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டவை முழுப் பிதற்றலாகின்றன. அந்த எழுத்தை அறியாத வெளிமாநிலத் தேர்வாளர் அதைக் கடந்து போய்விடுவார். பேசியவர் பார்த்தால் தம் சொற்கள் இப்படிச் சிதைந்து கிடப்பதை என்னவென்று எண்ணுவார்? வசனவரிகளை ஒருங்குறியில் தனிக் கோப்பாக வைத்தால் இந்தச் சிதைவு படத்தில் நிரந்தரமாகப் பதியாது.

மாணவர்கள் பொறியாளர்கள் அல்லர், இவற்றையெல்லாம் அவர்கள்மேல் சுமத்தலாமா என்று மேற்பார்வையாளர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே, ஆனால் சுமை ஏற்கெனவே அவர்கள்மேல்தான் இருக்கிறது, பயிற்சி மட்டும் இல்லை. பல்கலைக்கழக மானியக்குழுவின் விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படி இன்ஃப்ளிப்நெட்டுக்குப் போக வேண்டும். ஷோத்கங்காவில் அது பிடிஎஃப் ஆக ஏறுகிறது. அந்தப் பிடிஎஃப் எந்தப் பதிவுகளின்மேல் நிற்கிறதோ அவற்றின் கதியை யாரும் கேட்பதில்லை. 2019 இறுதியில் ஆய்வு, பதிப்பு நெறிமுறைக்கென இரண்டு மதிப்பலகுப் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. தரவைப் பொய்யாகப் புனைதலும் திரித்தலும் அதில் கற்பிக்கப்படுகின்றன. அறியாமல் திரிந்துபோவது கற்பிக்கப்படுவதில்லை. முறையியல் வகுப்பில் மேற்கோள் குறியீட்டு நடைக்கு ஒதுக்கும் பல வாரங்களில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கினால் போதும்.

இடப்பற்றாக்குறை என்ற காரணமும் முன்பளவு வலுவுடையதன்று. மினிடிவியின் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 13 ஜிபி. இருபது மணி நேரக் களப்பணி 260 ஜிபி. ஒரு டெராபைட் வெளிவன்வட்டில் கால்பங்குக்குச் சற்று மேல். துறை நூலகம் ஒவ்வோர் ஆண்டும் தூசு படியும் பாடக்கோவைகளுக்குச் செலவிடும் தொகையில் மாணவருக்கு இரண்டு வட்டுகள் வாங்கித் தரலாம்; ஒன்று அவரிடம், மற்றொன்று துறையில். ஆவணக் காப்பகங்கள் பல எஃப்எஃப்வி1 என்ற இழப்பற்ற முறையை எம்கேவி உறையில் பயன்படுத்துகின்றன. ஆனால் கைபேசிப் பதிவை அதற்கு மாற்றும் ஆடம்பரம்கூட வேண்டியதில்லை. மூலத்தை அப்படியே வைத்திருப்பதே போதும். யூடியூபில் ஏற்றியாயிற்றே என்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே இருப்பது மூலத்தின் இன்னொரு மாற்றுப் படி, புலனத்தில் காணொளியாக அனுப்பியதும் அப்படியே.

ஆய்வேட்டின் முறையியல் இயலில் அரைப்பக்கம் சேரட்டும்: பதிவு எந்தக் கருவியில், எந்தச் சுருக்கமுறையில், எத்தனை படங்கள், ஒலி எத்தனை மாதிரிகள், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பால், என்ன அமைப்பில் மாற்றப்பட்டது, வந்த பிழைச்செய்திகள் யாவை, மூலம் எங்கே இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் எவரேனும் ஒருவர், மேற்கோள் காட்டிய அந்த மௌனம் எந்தக் கோப்பில் அளக்கப்பட்டது என்று கேட்கலாம். இதுவரை அவ்வாறு கேட்கும் தேர்வாளர்கள் மிக அரியர். அவர்களும் தம் பழைய பதிவுகளை எங்கோ ஒரு கடையில் மாற்றக் கொடுத்தவர்கள்தாமே.